வெள்ளைக் கத்தரியின் முதல் எண்ணிக்கை

என் தங்கச்சி அந்தக் கடித உறையைக் கொண்டுவந்தபோது நான் சூடை மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கொழும்பின் தென்கோடி வெள்ளவத்தையிலிருந்து வடக்கே கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் வீட்டுக்கு அவள் சொல்லாமல் கொள்ளாமல் வருகிறவள் அல்ல. முதல் நாளே போன் எடுத்து, என்ன சமைக்கப் போகிறாய், லிஃப்ட் வேலை செய்கிறதா, மழைக்கு உங்கள் ஒழுங்கையில் தண்ணீர் நிற்கிறதா என்றெல்லாம் கேட்டு என் உயிரை வாங்கிவிட்டுத்தான் வருவாள். அன்றைக்கு மணி அடித்தது, கதவைத் திறந்தேன், நின்றாள். போய்க் கை கழுவிவிட்டு வா என்றாள். கழுவிவிட்டு வந்தேன். கையை மணந்து பார்த்துவிட்டு, சோப் போட்டுக் கழுவு என்றாள்.

இரண்டாம் தடவையும் கழுவின பிறகுதான் கைப்பையைத் திறந்தாள். வங்கியிலிருந்து வரும் நீளமான கடித உறை. அதன் முதுகில் ஊதா மையில் எழுதியிருந்தது: வெள்ளைக் கத்தரி, இரண்டாவது செடி, நல்ல விதை மட்டும்.

"இது முளைக்குமோ அக்கா?" என்று கேட்டாள்.

அந்தக் கையெழுத்து அவளுடைய மகளுடையது. அவளுக்கு இருந்தது ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளை போய் அப்போது நான்கு வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. நான் உறையை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். பிறகு திறந்து முகர்ந்தேன். பூச்சி உருண்டை மணம் மூக்கில் அடித்தது.

"எங்க வைச்சிருந்தனி?"

"அலுமாரிக்குள்ள. சீலைக்குக் கீழ."

"பூச்சி உருண்டையோட?"

"சீலையெண்டால் பூச்சி உருண்டை போடாமல் விடுவினமோ?"

விதைக்கும் மூச்சு உண்டு, நாலு வருடம் அதை நாப்தலீன் புகைக்குள் படுக்க வைத்திருக்கிறாயே என்று வாய் வரை வந்தது. என் வாய் பொல்லாத வாய். அன்று மட்டும் அடக்கிக்கொண்டேன்.

அவள் என்னிடம் வந்ததற்குக் காரணம் நான் அக்கா என்பது மட்டும் அல்ல. முப்பத்தாறு வருடம் நான் ஒரு விதைக் கம்பனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தேன். வெளிநாட்டிலிருந்து வரும் மரக்கறி விதை முளைக்குமா, எத்தனைக்கு எத்தனை முளைக்கும் என்று பார்த்து எழுதிக் கொடுப்பதுதான் வேலை. ஈரத்தாளில் விதையை அடுக்க வேண்டும், மூட வேண்டும், குறித்த நாளில் திறந்து எண்ண வேண்டும். கோவா, தக்காளி, கறிமிளகாய், கத்தரி என்று என் கைக்குள்ளால் போன விதைகளைக் கொட்டினால் காலிமுகத் திடல் நிரம்பும். இவ்வளவு விதை பார்த்தவள் வீட்டில் ஒரு துளசி கூட வைத்ததில்லை. கொட்டாஞ்சேனையில் நாலாம் மாடியில், வெயில் படாத ஒரு வீட்டில் தனியாக இருக்கிறவளுக்குச் செடி எதற்கு என்று நினைத்தேன்.

பிள்ளைக்குத்தான் செடி ஆசை. கொரோனாவுக்கு ஊரடங்குச் சட்டம் போட்டு எல்லோரையும் வீட்டுக்குள் வைத்திருந்த காலத்தில் அவளுக்கு அது பிடித்தது. அவள் படித்த கம்பஸ் பூட்டியிருந்தது. மரக்கறி லொறி கிழமைக்கு ஒருமுறை ஒழுங்கைக்குள் வரும். அதில் வாங்கிய கத்தரிக்காய்களில் ஒன்று முற்றி மஞ்சளாகிப் போயிருந்தது. தங்கச்சி எறியப் போனதைப் பிடுங்கி வைத்து, விதையைப் பிதுக்கி எடுத்து, கழுவிக் காயவைத்து, பெயின்ட் வாளியிலும் மீன் வரும் வெள்ளை ரெஜிஃபோம் பெட்டியிலும் மண் நிரப்பி மொட்டை மாடியில் நட்டாள். இதில் வேடிக்கை என்னவென்றால் அவள் கத்தரிக்காய் வாயிலும் வைக்க மாட்டாள். வழுவழுவென்று இருக்கிறதாம். காய்த்ததையெல்லாம் அம்மாவுக்கும் பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தாள். எனக்கு ஒரு பை நிறைய வந்தது.

விதை எப்படி எடுப்பது என்று அவள் என்னிடம் கேட்கவில்லை. யூடியூப்பிடம் கேட்டாள். எனக்கு அது சுட்டது. வாழ்நாள் முழுக்க விதையோடு கிடந்த பெரியம்மா ஒருத்தி அதே ஊரில் இருக்கிறாளே என்று போனில் குத்திக் காட்டினேன். "பெரியம்மா, உங்களிட்டக் கேட்டால் நீங்கள் சோதினை வைப்பீங்கள்" என்று சிரித்தாள். உண்மைதான். வைத்திருப்பேன்.

அடுத்த மழைக்கு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. எல்லோரும் கொரோனா என்றுதான் பயந்தோம். இல்லை என்று ரிப்போர்ட் வந்தபோது தங்கச்சி சாமிக்குத் தேங்காய் உடைத்தாள். டெங்கு என்று தெரிய இன்னும் இரண்டு நாள் போயிற்று. அதற்குப் பிறகு நடந்ததை நான் எழுத விரும்பவில்லை. ஐந்தாம் நாள் பிள்ளையை இழந்தோம்.

செத்த வீட்டுக்குள்ளேயே சுகாதாரப் பரிசோதகர் வந்தார். அது அவருடைய கடமை. புகை அடித்தார்கள். மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தார்கள். ஒரு வாளிக்குக் கீழே வைத்திருந்த தட்டில் தேங்கிய தண்ணீரில் நுளம்புக் குடம்பிகள் இருந்தன. அந்த நுளம்புதான் கடித்தது என்று யாரும் சொல்லவில்லை. எங்கே கடித்ததென்று யாரால் சொல்ல முடியும்? ஆனால் மூன்றாம் மாடிப் பெண் ஒருத்தி படியில் நின்று, சாடி வைத்தால் இப்படித்தான் என்று யாருக்கோ சொன்னதைத் தங்கச்சி கேட்டுவிட்டாள். எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு முடிந்த மறுநாள் அவள் மொட்டை மாடிக்குப் போய் எல்லாச் செடியையும் வேரோடு பிடுங்கினாள். பூவும் பிஞ்சுமாக நின்ற செடிகள். தங்கச்சியின் கணவர் கப்பலில் வேலை செய்கிறவர், விமானம் இல்லாமல் எங்கேயோ ஒரு துறைமுகத்தில் மாட்டியிருந்தார். தடுக்க ஆள் இல்லை. நானும் தடுக்கவில்லை. இரண்டு வாளியை நானே கீழே தூக்கிக்கொண்டு போனேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கு வெறுப்பு வருகிறது.

அப்படி எல்லாவற்றையும் எறிந்தவளிடம் இந்த உறை மட்டும் மிஞ்சியிருந்தது. பிள்ளையின் பாடக் கொப்பிக்குள் இருந்ததை எடுத்துச் சீலைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள்.

"இப்ப ஏன் கொண்டந்தனி?" என்று கேட்டேன்.

"நாள் போகப் போக விதை செத்துப் போயிடும் எண்டு நீதானே முந்திச் சொல்லுவாய்." உறையின் முதுகை விரலால் தடவினாள். "எனக்கு ஒண்டு போதும் அக்கா. ஒரே ஒரு செடி. அது காய்ச்சால் அதில இருந்து திரும்ப விதை எடுக்கலாம். பிறகு ஒவ்வொரு வருசமும் எடுக்கலாம். அவள் கையால தொட்டது என்னோட இருக்கும்."

விதைகளை வெள்ளைத் தட்டில் கொட்டி எண்ணினேன். ஐம்பத்திரண்டு.

எனக்கு உடனே தொழில் புத்தி வந்தது. பத்தை எடுத்து, எந்த மருந்தும் இல்லாமல் வெறும் ஈரத்தாளில் போட்டுப் பார்க்க வேண்டும் என்றேன். இப்போது என்ன நிலையில் இருக்கிறதென்று தெரியாமல் வைத்தியம் செய்ய முடியாது என்று விளக்கினேன். அரை மனதோடு சம்மதித்தாள். பதினான்கு நாள் பார்த்தேன். ஒன்றும் முளைக்கவில்லை. பத்தும் ஊறி, கறுத்து, நசித்தால் கூழாக வந்தது.

போனில் சொன்னபோது அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. "பத்தைக் கொண்டிட்டாய்" என்றாள்.

"செத்ததைத்தான் போட்டனான். நான் கொல்லேல்லை."

"உனக்கு எப்பிடித் தெரியும்? நீ மருந்து போட்டிருந்தால் அதில ஒண்டு வந்திருக்கலாம்தானே."

அவள் விட்டுவிடவில்லை. மிச்ச நாற்பத்திரண்டையும் ஒன்றாகப் போடு, இல்லாவிட்டால் உறையைத் திருப்பித் தா, சோதினை கீதினை என்று இனி ஒரு விதையும் தர மாட்டேன் என்றாள். பாதியைக் கையிருப்பாக வைப்பதுதான் முறை என்று எனக்குத் தெரியும். ஆனால் பத்து விதையைத் தொலைத்தவளுக்கு முறை பேச வாய் வரவில்லை. சரி என்றேன்.

பழைய விதைக்கு வைத்தியம் என்பது பெரிய மாயம் அல்ல. வயதான விதையைத் திடீரென்று தண்ணீரில் போட்டால் அது தாங்காது. உள்ளே இருக்கிற சத்தெல்லாம் கசிந்து வெளியே போய்விடும். நாட்கணக்கில் சாப்பிடாமல் கிடந்த நோயாளிக்கு முதலில் கஞ்சித் தண்ணீர் பருக்குவது போல, மிக மிகக் கொஞ்சமாகத் துத்தநாக உப்பும் போரிக் பவுடரும் கரைத்த தண்ணீரில் அளவான நேரம் ஊறவைக்க வேண்டும். முளை வெளியே வரும் முன்னே எடுத்து நிழலில் திரும்பக் காயவைக்க வேண்டும். அந்த இடைவெளியில் விதை தன்னைத் தானே கொஞ்சம் திருத்திக்கொள்ளும். பிறகு விதைத்தால் முளைக்கலாம். கலாம் என்றுதான் சொல்ல வேண்டும். முழுதாகச் செத்ததை எந்த உப்பாலும் எழுப்ப முடியாது. இதைத் தங்கச்சிக்கு இரண்டு தடவை சொன்னேன். அவள் காதில் முளைக்கும் என்ற சொல் மட்டும்தான் விழுந்தது.

போரிக் பவுடர் பாமசியில் கிடைத்தது. கரம் போட்டில் தூவி விளையாடுவார்களே, அதேதான். துத்தநாக உப்பைப் பழைய வேலைத்தலத்துச் சிநேகிதி ஒருத்தி சின்ன மருந்துக் குப்பியில் போட்டுத் தந்தாள். பிரச்சினை அளவில் இருந்தது. அரைக் கிராம் நிறுக்க வேண்டும். கூடினால் விதை கருகிவிடும். சமையலறைத் தராசு அரைக் கிராமைக் கண்டுகொள்ளாது. யோசித்துப் பார்த்துவிட்டு, செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடைக்கு நடந்து போனேன். தங்கம் நிறுக்கிற தராசு பொய் சொல்லாது.

கடைக்காரர் என் காதுத் தோட்டைப் பார்த்து, மாற்றப் போறீங்களோ என்று கேட்டார். நான் குப்பியை எடுத்து, இதில் அரைக் கிராம் நிறுத்துத் தாருங்கள் என்றேன். அவர் முகம் மாறியது. இந்த ஊரில் வெள்ளைத் தூளைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு திரிகிறவர்களுக்கு என்ன பெயர் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் வாசலைப் பார்த்தார், கமராவைப் பார்த்தார், என் நரைத்த தலையைப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"கத்தரி விதைக்கு மருந்து."

"விதைக்கோ? விதைக்கு ஏன் இங்க வந்தீங்கள்?"

"உங்கட தராசு சரியெண்டு நம்பித்தான் வந்தனான். பிழையெண்டால் சொல்லுங்கோ, வேற கடைக்குப் போறன்."

அந்தக் கதை வேலை செய்தது. மூக்கைச் சுளித்துக்கொண்டு நிறுத்துத் தந்தார். வீட்டுக்கு வந்து தங்கச்சிக்குச் சொன்னேன். போனுக்குள் அவள் சிரித்தாள். நாலு வருடத்துக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது. பொலிஸ் பிடித்திருந்தால் பிணை எடுக்க வர மாட்டேன் என்றாள். எனக்கு அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் என் கண்ணை மறைத்தது என்று நினைக்கிறேன்.

ஒரு காலையிலிருந்து மறு காலை வரை ஊறவைத்தேன். பழைய வொயில் துணியில் பரப்பி, விசிறிக்குக் கீழே இரண்டு நாள் காயவைத்தேன். தங்கச்சி போனில் பிடித்துக்கொண்டாள்.

"வெயில்ல வையன். கெதியாக் காயும்."

"வடகமோ காயவைக்கிறன்? வெயில் பட்டால் எல்லாம் போச்சு."

"சரி, சரி. உனக்குத்தான் தெரியும்."

உனக்குத்தான் தெரியும் என்று அவள் சொன்னதும் எனக்கு ஒரு பெருமை வந்தது. மண்ணில் விதைப்பதா, தாளில் முளைக்க விடுவதா என்ற கேள்வி வந்தபோது அந்தப் பெருமைதான் முடிவெடுத்தது. மண்ணில் போட்டால் பூஞ்சணம் பிடிக்கலாம், கண்ணுக்குத் தெரியாது, தாளில் என்றால் ஒவ்வொன்றையும் பார்க்கலாம், முளைத்ததும் பக்குவமாக மண்ணுக்கு மாற்றலாம் என்று சொன்னேன். உண்மையில் எனக்கு மண்ணில் வேலை செய்யத் தெரியாது. தாளில்தான் தெரியும். ஓய்வு பெற்றபோது எடுத்து வந்த மூடியுள்ள கண்ணாடித் தட்டு இரண்டு வீட்டில் இருந்தது. அவற்றில் தாள் வைத்து, நனைத்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக, வரிசைக்கு ஏழாக அடுக்கினேன். கொப்பியில் கோடு போட்டேன். பழைய வேலைக்குத் திரும்பினது போல இருந்தது.

அந்தக் கிழமை தங்கச்சி காலையும் மாலையும் போன் எடுத்தாள். நேரே கேட்க மாட்டாள். சாப்பிட்டாயா, என்ன கறி, மழையா என்று சுற்றி வளைத்து, சரி வேறு என்ன என்று நிறுத்துவாள். நான் ஒன்றும் இல்லை என்பேன். வைத்துவிடுவாள். ஏழாம் நாளும் ஒன்றும் இல்லை.

எட்டாம் நாள் காலை சாமிக்கு விளக்கு வைத்துவிட்டு மூடியைத் திறந்தேன். மூன்று முளைத்திருந்தன.

மூடியை வைத்துவிட்டு உடனே போன் எடுத்தேன். "மூண்டு" என்றேன். லைன் போய்விட்டதாக்கும் என்று ஹலோ, ஹலோ என்றேன். "கேக்குது" என்றாள். அழுதுகொண்டிருந்தாள். "இப்பவே வாறன். நான் வரும்வரைக்கும் அதைத் தொடாதை."

போனை வைத்துவிட்டுக் கொப்பியை எடுத்து மேசைக்கு வந்தேன். வெளிச்சத்துக்குத் தட்டை இழுத்தேன். ஒழுங்காக எண்ணிப் பதிந்தேன். மேசையைத் துடைத்தேன். கீழே குப்பை லொறி ஹோர்ன் அடித்தது. மீன் செதிலோடும் தேயிலைச் சக்கையோடும் இருந்த பையைக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, படியேறி வந்து, அவளுக்குப் பிடிக்குமே என்று இஞ்சி தட்டித் தேத்தண்ணீருக்கு வைத்தேன். நான் பாட்டுப் பாடுகிறவள் இல்லை. அன்று ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

ஓட்டோவில் வந்தாள். காலி வீதி நெரிசலில் முக்கால் மணி நேரம். ஒரு கையில் புதுச் சாடி, மற்றக் கையில் மண் மூட்டை. பிள்ளை போன பிறகு அவள் வீட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் பூக்கூட நுழைந்ததில்லை. அவள் கடை திறக்கும்வரை நின்று சாடி வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். செருப்பைக் கழற்றி, முகம் கழுவி, தலையைச் சரிசெய்துவிட்டு மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். கோயிலில் திரை விலகுவதற்கு நிற்கிறவர்களைப் போல நின்றாள். நான் மூடியைத் தூக்கினேன்.

விதைகள் இருந்தன. முளை இல்லை. முதல் வரிசையில் இரண்டு இடமும் மூன்றாம் வரிசையில் ஒரு இடமும் வெறுமையாக இருந்தன.

"எங்க?" என்றாள்.

மற்றத் தட்டைத் திறந்தேன். அதிலும் இல்லை. மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தேன். அப்போதுதான் கொப்பி கண்ணில் பட்டது. என் கையெழுத்தில், கோடு கோணாமல், எட்டாம் நாளுக்கு நேரே எழுதியிருந்தது: முதல் எண்ணிக்கை, முளைத்தவை 3, அகற்றியவை 3.

எங்கள் தொழிலில் அப்படித்தான். முதல் எண்ணிக்கை நாளில், நன்றாக முளைத்த நாற்றை இடுக்கியால் பிடுங்கி எடுத்து எறிந்துவிட்டு எண்ணிக்கையை எழுத வேண்டும். விட்டுவைத்தால் அது வளர்ந்து மற்ற விதைகளை மறைக்கும், அடுத்த தடவை இரண்டு முறை எண்ணப்படும். முளைத்தது என்று தெரிந்துவிட்டால் அந்த நாற்றுக்கு அதற்குப் பிறகு வேலை இல்லை. நன்றாக முளைத்ததைத்தான் முதலில் எறிவோம். முப்பத்தாறு வருடம் அதைச் செய்த கை அன்றைக்கும் செய்திருக்கிறது. பிடுங்கி, ஈரத் தாளில் மடித்து, மேசையைத் துடைத்த துண்டோடு சேர்த்துக் குப்பைப் பைக்குள் போட்டிருக்கிறது. அப்போது, தொடாதே என்று அவள் சொல்லி ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை.

நான் அவளுக்கு ஒன்றும் சொல்லாமல் வெளியே ஓடினேன். லிஃப்டுக்குக் காத்திருக்க முடியவில்லை. அறுபது தாண்டிய முழங்காலோடு நாலு மாடியும் இறங்கினேன். வாசலில் செக்கியூரிட்டி நின்றான். குப்பை லொறி எங்கே என்று சிங்களத்தில் கேட்டேன்.

"மல்லி, குணு லொறிய கோ?"

"லொறிய கியா, மிஸ்." லொறி போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று கையைக் காட்டினான். நான் மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு, "ரத்தரன்த?" என்று கேட்டான். தங்க நகை எதையும் தவறிப் போட்டுவிட்டேனா என்று அவனுக்குக் கவலை.

"நே. பெல துனக்." மூன்று நாற்று என்றேன். அவன் விளங்காமல் என்னைப் பார்த்தான். உட்காருங்கள் என்று தன் கதிரையைத் தந்தான். உட்கார்ந்தேன். மேலே போக எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

கடைசியில் மேலே போனபோது அவள் கொப்பியை வாசித்து முடித்திருந்தாள். அகற்றியவை என்ற சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். காரணம் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன்.

"மிச்சம் எத்தினை?" என்று மட்டும் கேட்டாள்.

"முப்பத்தொன்பது."

"பாப்பம்" என்றாள்.

தேத்தண்ணீரைக் குடிக்கவில்லை. சாடியையும் மண் மூட்டையையும் தூக்கிக்கொண்டு போனாள். மண்ணை நான் கொண்டுவந்து தருகிறேன், பாரமாக இருக்கும் என்றேன். வேண்டாம் என்றாள்.

அதற்குப் பிறகு நான் அந்த விதைகளை இடுக்கியால் தொடவில்லை. இடுக்கியைக் குப்பையில் போட்டேன். முப்பத்தொன்பதையும் மண்ணுக்கு மாற்றினேன். கீழ்வீட்டுக்காரரின் பல்கனியில் வெயில் படும் என்று அவரிடம் கெஞ்சி இடம் வாங்கி வைத்தேன். பத்தாம் நாள் இல்லை, பதினான்காம் நாள் இல்லை. கந்தசஷ்டிக்கு விரதம் கூடப் பிடிக்காதவள் அந்தக் கிழமை வெள்ளிக்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினேன். சைவக்காரிக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. தொலைந்ததைத் தேடித் தருவார் என்று சொல்வார்கள். மூன்று கிழமை கழிந்து மண்ணைக் கிளறிப் பார்த்தேன். முதல் பத்தைப் போலவே எல்லாம் கூழாக இருந்தன. உயிரோடு இருந்தவை அந்த மூன்றும் மட்டும்தான்.

அவள் போன் எடுப்பதை நிறுத்தியிருந்தாள். இதைப் போனில் சொல்லக் கூடாது என்று வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினேன். பகல் பதினொரு மணி இருக்கும். பிள்ளையின் அறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. கட்டிலில் தள்ளி இடம் விட்டாள், நான் இருந்தேன். மூன்றாம் மாடிப் பெண்ணைப் பற்றியோ கணவர் வரும் மாதத்தைப் பற்றியோ ஏதோ கதைத்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோதெல்லாம் வேறு கதைக்குப் போனாள். அவளுக்கு அது வேண்டியிருக்கவில்லை. எனக்கு ஆறுதல் சொல்கிற நிலையிலும் அவள் இல்லை.

மடித்து முடித்து, உடுப்பை அலுமாரிக்குள் வைத்தாள்.

"அக்கா, அந்த மூண்டும் எப்பிடி இருந்தது?"

வேர் வெள்ளையாக இருக்கும் என்றேன். தண்டு கொஞ்சம் வளைந்து நிற்கும், இரண்டு இலையும் இன்னும் விரிந்திருக்காது, நுனியில் விதைத் தோல் ஒட்டிக்கொண்டிருக்கும் என்றேன். அவள் கவனமாகக் கேட்டாள்.

"அது எல்லாக் கத்தரிக்கும் அப்பிடித்தானே" என்றாள். "நீ வேலை செய்த இடத்திலயும் அப்பிடித்தானே இருந்திருக்கும். என்ர பிள்ளையின்ர எப்பிடி இருந்தது எண்டு கேக்கிறன்."

நான் யோசித்தேன். இடுக்கியின் நுனியில் ஒவ்வொன்றையும் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்திருப்பேன். எது நீளம், எது குட்டை, பச்சை வந்திருந்ததா, ஒன்றாவது நிமிர்ந்து நின்றதா? ஒன்றும் வரவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்குப் போதுமாக இருந்திருக்கும்.

"எனக்குத் தெரியாதடி" என்றேன். "நான் பாக்கேல்லை. எண்ணினனான்."